கதவு அட்டவணை: 186 கதவுகள், எந்த விவரத்தை எங்கே வைப்பது?

நிலைவாசல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. நான்கு மாடிக் கட்டடம் ஒன்றை ரெவிட் என்ற கட்டட மாதிரி மென்பொருளில் வரைந்துகொண்டிருக்கிறேன். மொத்தம் 186 கதவுகள். கதவு அட்டவணையை மென்பொருள் கொடுத்தபடியே விட்டிருந்தேன்: குறி, அகலம், உயரம், எண்ணிக்கை. அதை அனுப்பி வைத்ததும் ஒப்பந்ததாரர் தரப்பிலிருந்து கேள்விகள் வரிசையாக வந்தன. எந்தக் கதவு எந்த அறைக்கு? கீல் எந்தப் பக்கம்? எவையெல்லாம் தீத்தடுப்புக் கதவுகள்? நிலை மரமா, எஃகா?

கேள்விகள் அத்தனையும் நியாயமானவை. நேற்று மாலை புதிய நெடுவரிசைகளைச் சேர்க்க உட்கார்ந்தேன். தீத்தடுப்புப் புலத்தைச் சேர்த்து, மாடிப்படிக் கூடத்துக் கதவின் வரிசையில் 60 என்று தட்டினேன். என்டர் விசையை அழுத்தியதும் மேலும் பதினான்கு வரிசைகளில் 60 முளைத்துவிட்டது. அவற்றில் ஒன்பது, துடைப்பமும் வாளியும் வைக்கும் சிறு அறைகளின் கதவுகள். உடனே பார்த்ததால் திரும்பப் பெற்றேன். பார்க்காமல் போயிருந்தால் ஒன்பது தீத்தடுப்புக் கதவுகளுக்கு வீணாக ஆர்டர் போயிருக்கும்.

ஒரு வரிசையில் எழுதியது மற்றவற்றுக்கு ஏன் பரவியது? கீல் பக்கம், நிலை, பூட்டு விவரங்களை எப்படிக் கொண்டுவருவது? ஒவ்வொரு வகைக் கதவின் படமும் அட்டவணையிலேயே வருமா? கையால் தட்டச்சு செய்த அட்டவணையை ஒட்டிவிடலாம் என்று உடன் வேலை பார்ப்பவர் சொல்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

கீல்முனை

உங்கள் மனம் சொல்வதுதான் சரி. கையால் தட்டிய அட்டவணை, வரைபடத்தில் முதல் கதவு நகர்ந்ததுமே பொய்யாகிவிடும்.

60 பரவிய காரணம் இது. ரெவிட்டில் தீத்தடுப்பு என்று ஏற்கெனவே இருக்கும் புலம் டைப் பாராமீட்டர். அது தனிக் கதவுக்கு உரியதல்ல, அந்த வகைக்கு உரியது. உங்கள் மாடிப்படிக் கூடத்துக் கதவும் துடைப்ப அறைக் கதவும் ஒரே அளவாக இருந்திருக்கும், ஒரே டைப்பிலிருந்து வைத்திருப்பீர்கள். ஒன்றில் எழுதினால் அந்த டைப்பில் உள்ள எல்லாவற்றுக்கும் எழுதியதாகிறது. அட்டவணை என்பது கட்டட மாதிரியை எட்டிப்பார்க்கும் சன்னல் மட்டுமல்ல, உள்ளே கைவிட்டு மாற்றக்கூடிய சன்னல். அட்டவணையில் தட்டுவது நேராகக் கதவுக்குள் போகிறது.

ஆகவே நெடுவரிசையைச் சேர்க்கும் முன் ஒவ்வொரு விவரத்தையும் பற்றி ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது கதவு செய்யப்படும் விதத்தைச் சொல்கிறதா, கதவு நிற்கும் இடத்தைச் சொல்கிறதா? பலகையின் அகலம், உயரம், தடிமன், பலகையின் பொருள், கண்ணாடிச் சாளரம் உண்டா இல்லையா, இவை செய்யும் விதம். டைப்பில் வையுங்கள். கதவு எண், எந்த அறை, கீல் பக்கம், பூட்டுத் தொகுப்பு, சுவர்த் தடிமன், இவை நிற்கும் இடத்தைப் பொறுத்தவை. இன்ஸ்டன்ஸில், அதாவது தனித்தனிக் கதவின் விவரமாக, வையுங்கள்.

தீத்தடுப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் எல்லாரும் அங்கே தடுக்கி விழுகிறார்கள். தீத்தடுப்புக் கதவு என்பது பலகை, நிலை, கீல், பூட்டு எல்லாம் ஒன்றாகச் சோதிக்கப்பட்ட பொருள். வெளித்தோற்றத்தில் சாதாரணக் கதவைப் போலவே இருந்தாலும் அது வேறு கதவு. அதனால் 60 நிமிடக் கதவுக்குத் தனி டைப் வையுங்கள். மதிப்பை டைப்பிலேயே விடுங்கள். டைப் எண்ணிக்கை கூடும்தான். கூடட்டும், உண்மையிலேயே அவை வெவ்வேறு கதவுகள்.

வரைதாள்

கீல்முனை சொன்னதில் கடைசிப் பகுதியை மட்டும் மறுக்கிறேன். திட்டத்தின் தொடக்கத்தில் எந்தச் சுவர் எத்தனை நிமிடம் தாங்க வேண்டும் என்பதே முடிவாகியிருக்காது. வாரத்துக்கு ஒரு முறை மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கதவின் டைப்பை மாற்றிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. நான் "தேவையான தீத்தடுப்பு" என்று ஒரு இன்ஸ்டன்ஸ் பாராமீட்டர் வைத்துக்கொள்கிறேன். அது இடம் கேட்பது. டைப்பில் இருப்பது கதவு தருவது. இரண்டையும் அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், 60 கேட்கும் இடத்தில் 30 தரும் கதவு நிற்பது உடனே கண்ணில் படும்.

இன்னொன்று: அந்தப் புலத்தில் ஒருவர் "60" என்றும், இன்னொருவர் "60 நிமி." என்றும், மூன்றாமவர் "1 மணி" என்றும் எழுதுவார்கள். அட்டவணை அவற்றை மூன்று வெவ்வேறு குழுக்களாகப் பிரித்து எண்ணும். நீங்கள் உருவாக்கும் புலத்தை எண் வகையாகவே உருவாக்குங்கள். "நிமிடம்" என்ற சொல் நெடுவரிசையின் தலைப்பில் ஒரு முறை வந்தால் போதும்.

கீல்முனை

கேட்பது ஒன்று, தருவது ஒன்று என்று பிரித்தது நல்ல வழி. நான் கடைசியில் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நிலைவாசல், புதிய பாராமீட்டர்களைப் பகிரப்பட்ட பாராமீட்டர்களாகவே உருவாக்குங்கள். திட்டத்துக்குள் மட்டும் உருவாக்கும் பாராமீட்டர் அட்டவணையில் வரும், ஆனால் வரைபடத்தில் கதவின் அருகே ஒட்டும் குறிச்சீட்டில் வராது. பகிரப்பட்டவை ஓர் உரைக் கோப்பில் தனி அடையாள எண்ணுடன் சேமிக்கப்படும். மென்பொருள் பார்ப்பது பெயரை அல்ல, அந்த அடையாள எண்ணை. கோப்பைத் தொலைத்துவிட்டு அதே பெயரில் மீண்டும் உருவாக்கினால், அட்டவணையில் ஒரே பெயரில் இரண்டு நெடுவரிசைகள் வரும், ஒவ்வொன்றிலும் பாதி கட்டங்கள் வெறுமையாக இருக்கும். ஓர் இரவு முழுவதும் அதைச் சரிசெய்திருக்கிறேன். அந்த உரைக் கோப்பை அலுவலகம் முழுவதற்கும் ஒன்றாக, பொது இடத்தில் வையுங்கள்.

தச்சுமேடை

நான் மென்பொருள் ஆள் இல்லை. கதவும் நிலையும் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் அட்டவணை கடைசியில் வந்து சேரும் இடம் என் மேசைதான், அதனால் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

அட்டவணை கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது அகலத்தை அல்ல, சுவர்த் தடிமனைத்தான். பலகையில் மில்லிமீட்டர் கணக்கில் தவறு நேர்ந்தால் இழைத்துச் சரிசெய்யலாம். நிலை சுவரைவிடக் குறுகலாகப் போனால் எதுவும் செய்ய முடியாது. ஒரு முறை அட்டவணையில் சுவர் 200 என்று இருந்தது. 22 நிலைகளைச் செய்து அனுப்பினேன். களத்தில் இரு பக்கமும் 15 மி.மீ. பூச்சுடன் சுவர் 230 ஆக நின்றது. இரு பக்கமும் சுவர் நிலையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. பட்டை அடித்து மறைத்தார்கள். இன்றைக்கும் அந்தக் கட்டடத்துக்குள் போனால் என் கண் அங்கேதான் போகிறது.

இரண்டாவது, "அகலம்" என்று நீங்கள் எழுதுவது எதை? சுவரில் விடும் திறப்பா, நிலையின் வெளியளவா, பலகையா, ஆள் நுழையும் தெளிவகலமா? நான்கும் வெவ்வேறு எண்கள். தலைப்பில் "அகலம்" என்று மட்டும் இருந்தால் நான் தொலைபேசியில்தான் கேட்க வேண்டும். கேட்காதவர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

நிலைவாசல்

ஐயா, இதை எழுதியதற்கு மிக்க நன்றி. என் அட்டவணையில் சுவர்த் தடிமன் என்ற புலமே இல்லை. "அகலம்" என்று இருப்பது பலகையா திறப்பா என்று இப்போதுதான் ஃபேமிலியை, அதாவது கதவின் மூல வார்ப்புக் கோப்பை, திறந்து பார்த்தேன். மூன்று ஃபேமிலிகளில் பலகை, ஒன்றில் திறப்பு! வேறு வேறு இடங்களிலிருந்து எடுத்த ஃபேமிலிகள். ஒரே நெடுவரிசையில் இரண்டு விதமான அகலத்தை அனுப்பியிருக்கிறேன்.

கீல்முனை

அதை முதலில் சரிசெய்யுங்கள், மற்றவை பிறகு. நான்கு ஃபேமிலிகளிலும் அகலம் என்பது பலகைதான் என்று முடிவுசெய்து, சுவர்த் திறப்பை அதிலிருந்து சூத்திரத்தால் வரவழையுங்கள்: பலகை, இரு பக்க நிலை, இடைவெளி. தெளிவகலத்துக்கும் ஒரு புலம் வேண்டும். பலகை 900 என்பதால் நுழையும் வழி 900 ஆகிவிடாது. கதவு 90 பாகையில் திறந்து நிற்கும்போது பலகையின் தடிமனும் நிலையின் தடுப்புப் பட்டையும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். சக்கர நாற்காலிக்கான விதிகள் கேட்பது இந்தத் தெளிவகலத்தைத்தான்.

சுவர்த் தடிமனுக்கும் வழி உண்டு. கதவு ஃபேமிலிக்குள் சுவரின் இரு முகங்களுக்கும் இடையே ஓர் அளவுக்கோடு போட்டு, அதற்கு ஒரு பாராமீட்டரைக் கொடுத்து, அதை அறிக்கைப் பாராமீட்டராகக் குறியுங்கள். அது யார் சொல்லும் கேட்காது, சுவரை அளந்து சொல்லும். பகிரப்பட்டதாகவும் இருந்தால் அட்டவணையில் வந்து உட்காரும். சுவர் மாறினால் எண்ணும் மாறும். பூச்சு அடுக்கு சுவர் டைப்பில் வரையப்பட்டிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இல்லையென்றால் தச்சுமேடை ஐயாவின் 22 நிலைகள் கதைதான் மறுபடியும்.

படிக்கட்டு

கீல் பக்கத்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் அதிகமாகச் சண்டை வருவது அதில்தான். வலது என்று எழுதுகிறோம், இடது வருகிறது.

வரைதாள்

"வலது" என்ற சொல்லுக்கே உலகில் ஒரே பொருள் இல்லை என்பதுதான் காரணம். ஜெர்மனியின் டிஐஎன் 107 என்ற தரநிலையின் முறையில், கீல் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில், அதாவது கதவை உங்களை நோக்கி இழுக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். கீல் இடப்புறம் தெரிந்தால் அது இடக் கதவு. அமெரிக்க வழக்கத்தில் கதவின் வெளிப்பக்கத்தில், சாவி போடும் பக்கத்தில் நிற்க வேண்டும். கீல் இடப்புறம் இருந்து கதவு உள்ளே தள்ளித் திறந்தால் அது இடக் கதவு. அதே கதவை உள்ளே போய் இழுக்கும் பக்கத்திலிருந்து பாருங்கள், கீல் வலப்புறம் இருக்கும். டிஐஎன் கணக்கில் அது வலக் கதவு. ஒரே கதவு, எதிரெதிர்ப் பெயர்கள். அட்டவணையின் அடியில் ஒரு சிறு படம் போட்டு, எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைக் காட்டாவிட்டால் அந்த நெடுவரிசையை நம்ப முடியாது.

ரெவிட் கீல் பக்கத்தை ஆயத்தப் புலமாகத் தருவதில்லை. வலது, இடது என்று இரண்டு ஃபேமிலிகள் வைப்பவர்கள் உண்டு. ஆனால் ஒருவர் கதவைத் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ் விசையை அழுத்தினாலே கதவு திரும்பிவிடும், பெயர் மட்டும் பழையதாகவே நிற்கும். நான் ரெவிட்டுக்கான நிரலாக்கக் கருவியான டைனமோவில் ஒரு சிறு நிரல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கதவும் இரண்டு செய்திகளைத் தனக்குள் வைத்திருக்கிறது: முகம் திருப்பப்பட்டதா, கைப்பக்கம் திருப்பப்பட்டதா. இரண்டுமே ஆம், அல்லது இரண்டுமே இல்லை என்றால் ஃபேமிலியில் முதலில் வரைந்த பக்கமே கீல் பக்கம். ஒன்று மட்டும் ஆம் என்றால் எதிர்ப்பக்கம். இரண்டையும் திருப்புவது கதவை அரை வட்டம் சுற்றி வைப்பதற்குச் சமம் என்பதால் கை மாறுவதில்லை. நிரல் இதைப் படித்து "கீல் பக்கம்" என்ற இன்ஸ்டன்ஸ் புலத்தில் எழுதிவிடும். தாளை வெளியிடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஓட்ட வேண்டும். எல்லா ஃபேமிலிகளையும் ஒரே கையில் வரைந்திருக்க வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை.

தச்சுமேடை

எங்கள் பட்டறையில் நாங்கள் வலது இடது என்று பேசுவதே இல்லை. "இழுக்கும் பக்கம் நின்றால் கீல் இடக்கை" என்று முழுதாகச் சொல்வோம். நெடுவரிசையின் தலைப்பை அப்படியே எழுதிவிட்டால் படமும் வேண்டாம்.

வரைதாள்

எத்தனையோ ஆண்டுகளாகப் படம் போட்டுக்கொண்டிருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றே தலைப்பை மாற்றுகிறேன்.

கோட்டுரு

நான் ஆர்க்கிகேட் என்ற வேறொரு கட்டட மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அங்கே கதவின் முகத்தோற்றத்தையும் தளப்பட வடிவத்தையும் அட்டவணைப் புலமாகவே சேர்க்கலாம். கதவை மாற்றினால் படமும் மாறும். 2018இல் வந்த 22ஆம் பதிப்பிலிருந்து பண்புகளுக்குச் சூத்திரமும் எழுதலாம், அகலத்தையும் உயரத்தையும் சேர்த்து ஒரே கட்டத்தில் "900 × 2100" என்று வரவழைப்பது போல. நிலைவாசலின் படக் கேள்விக்கு ரெவிட்டில் என்ன வழி?

கீல்முனை

ரெவிட்டில் இரண்டு வழிகள், இரண்டிலும் குறை உண்டு. டைப்புக்கு ஒரு படக் கோப்பை இணைத்து அதைப் புலமாகச் சேர்க்கலாம். அட்டவணையைத் தாளில் வைத்தால்தான் படம் தெரியும், அட்டவணைப் பார்வையில் கோப்பின் பெயர் மட்டுமே வரும். அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் அது செத்த படம். கதவில் கண்ணாடி சேர்த்தால் படத்தில் சேராது. நான் லெஜண்டில், அதாவது விளக்கப் படப் பார்வையில், ஒவ்வொரு டைப்பின் முகத்தோற்றத்தையும் வைத்து, அந்த லெஜண்டை அட்டவணைக்கு மேலே அதே வரிசையில் அடுக்குகிறேன். டைப் மாறினால் அதுவும் மாறும். புதிய டைப் சேர்ந்தால் மட்டும் நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

அகலத்தையும் உயரத்தையும் ஒரே கட்டத்தில் கொண்டுவரும் வசதி ரெவிட்டிலும் 2017 பதிப்பிலிருந்து உண்டு.

படிக்கட்டு

கதவு எண்ணுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கதவை நகலெடுத்தால் ரெவிட் குறியில் தானே அடுத்த எண்ணைப் போடுகிறது. 101க்குப் பக்கத்து அறையில் 187 வந்து நிற்கிறது.

கீல்முனை

அறை எண்ணையே கதவு எண்ணாக வைப்பதுதான் களத்தில் உதவும். 204ஆம் அறையின் கதவு 204. அந்த அறைக்கு இரண்டு கதவுகள் இருந்தால் 204அ, 204ஆ. ரெவிட்டின் கதவு அட்டவணையில் செல்லும் அறை, புறப்படும் அறை என்று இரண்டு தொகுதிப் புலங்கள் உண்டு. அவற்றிலிருந்து எண்ணையும் பெயரையும் எடுத்துக் குறிக்குப் பக்கத்தில் வைத்தால் பொருந்தாத கதவுகள் தெரிந்துவிடும். அந்தக் கட்டங்கள் எல்லாம் வெறுமையாக வந்தால் அட்டவணையின் கட்டநிலை (பழையது, புதியது என்ற கட்டுமான நிலை) அறைகளின் கட்டநிலையோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கதவைத் திருப்பிய பிறகு இந்த இரண்டு புலங்களையும் கண்ணால் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

கோட்டுரு

எண்ணை முடிவுசெய்யும்போதே எக்செலையும் நினைத்துக்கொள்ளுங்கள். "3-4" என்ற கதவு எண் எக்செலில் திறந்ததும் தேதியாகிவிடும். 007 வெறும் 7 ஆகும். கிழக்குப் பகுதிக்கு ஆங்கில ஈ எழுத்தைப் போட்டு 1ஈ05 என்று எண் வைத்திருந்தோம். எக்செல் அதை ஒன்றுக்குப் பின் ஐந்து சுழியங்கள் என்று படித்து ஒரு லட்சமாக்கிவிட்டது. அந்தக் கோப்பு அப்படியே திரும்பி மாதிரிக்குள் போனது. உரைக் கோப்பை நேராகத் திறக்காமல், இறக்குமதி செய்து, அந்த நெடுவரிசையை உரை என்று குறித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வரைதாள்

பூட்டு, கைப்பிடி, கதவுமூடி விவரங்களுக்குத் திறவு அட்டவணை ஒன்று உருவாக்குங்கள். தொகுப்பு 1, தொகுப்பு 2 என்று வரிசைகள். ஒவ்வொன்றிலும் கீல் எத்தனை, பூட்டு எது, கதவுமூடி உண்டா என்று ஒருமுறை எழுதிவிட்டால், கதவில் தொகுப்பை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும், மற்ற கட்டங்கள் தாமே நிரம்பும். தேர்ந்தெடுத்த பிறகு அந்தக் கட்டங்களைத் தனியாகத் திருத்த முடியாது. அது குறையல்ல, பாதுகாப்பு.

மாதிரியை ஐஎஃப்சி என்ற பொதுப் பரிமாற்றக் கோப்பு வடிவில் வேறு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டி வந்தால், தீத்தடுப்பு, வெளிக்கதவா, தானே மூடுவதா என்பவற்றுக்கு அந்த வடிவத்திலேயே கதவுக்கான பொதுப் பண்புத் தொகுதியில் இடங்கள் இருக்கின்றன. உங்கள் புலங்களை ஏற்றுமதியின்போது அவற்றோடு இணைத்துவிடுங்கள்.

நிலைவாசல்

பத்து நாள் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன்.

ஒரே அட்டவணையில் எல்லாவற்றையும் அடைக்க முயன்றதுதான் என் முதல் தவறு. இப்போது மூன்று இருக்கின்றன. ஒன்று களத்துக்கு: 186 வரிசைகள், ஒவ்வொரு கதவுக்கும் எண், அறை, கீல் பக்கம், தொகுப்பு. ஒன்று பட்டறைக்கு: தனித்தனி வரிசைகளாகக் காட்டும் தேர்வை நீக்கி, டைப்பின்படியும் சுவர்த் தடிமனின்படியும் குழுவாக்கியது, கடைசியில் எண்ணிக்கை. 186 கதவுகள் 31 வரிசைகளாகச் சுருங்கிவிட்டன. மூன்றாவது எனக்கு மட்டும், தாளில் ஏறாதது. அதில் இடம் கேட்கும் தீத்தடுப்பும் கதவு தரும் தீத்தடுப்பும் பக்கத்துப் பக்கத்தில். அதைத் திறந்த முதல் நாளே மூன்றாம் மாடியில் 60 கேட்கும் இடத்தில் சாதாரணக் கதவுகள் இரண்டு நிற்பதைப் பார்த்தேன். வரைபடத்தில் அந்த இடத்தை எத்தனை முறை கடந்து போயிருப்பேன் என்று தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை, எனக்குப் பின் வருபவர்களுக்கு: குழுவாக்கிய அட்டவணையின் வரிசையில் எதையும் தட்டாதீர்கள். அந்த வரிசைக்குள் எத்தனை கதவுகள் மறைந்திருக்கின்றனவோ அத்தனைக்கும் அது போகும். வடிகட்டவோ குழுவாக்கவோ ஒரு புலம் வேண்டும், ஆனால் அச்சில் வேண்டாம் என்றால், சேர்த்துவிட்டு வடிவமைப்புப் பக்கத்தில் மறைத்துவிடலாம் என்பதையும் இதில்தான் கற்றுக்கொண்டேன்.

தச்சுமேடை ஐயா, பட்டறைக்கான தாளை மட்டும் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். நேரம் கிடைத்தால் ஒரு பார்வை பாருங்கள்.

தச்சுமேடை

பார்த்தேன். படிக்க நன்றாக இருக்கிறது, தொலைபேசியை எடுக்காமல் 31 வரிசைகளில் 30ஐ விலை போட்டுவிட்டேன்.

மீதி ஒன்று கழிப்பறைக் கதவுகள். சுவர் 130 என்று வந்திருக்கிறது. 100 மி.மீ. சுவரும் இரு பக்கப் பூச்சும் என்று புரிகிறது. உள்பக்கம் ஓடு ஒட்டமாட்டீர்களா?

நிலைவாசல்

ஒட்டுவோம் ஐயா. ஓடுகளையும் அவற்றை ஒட்டும் பசையையும் நான் சுவர் டைப்பில் வரையவே இல்லை, உட்தோற்றப் படத்தில் கோடுகளாக மட்டும் போட்டிருக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் 12 மி.மீ. வரும். கழிப்பறைச் சுவர்களுக்குத் தனி டைப் உருவாக்கி இன்று மாலைக்குள் புதிய தாளை அனுப்புகிறேன். அதுவரை அந்த 16 நிலைகளுக்கு மரம் அறுக்க வேண்டாம்.